பரிசோதனைக்கும் ஒரு சரித்திரம் வேண்டும்

வைத்தியர் நோயாளியிடம் முதலிற் கேட்பது அவருடைய கதையை. இரத்தமும் சிறுநீரும் அதற்குப் பின்னரே. என்ன வருத்தம், எத்தனை நாளாக இருக்கிறது, யாரிடம் காட்டினீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்னும் கேள்விகளை வெறுஞ் சம்பிரதாயம் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியும் இயந்திரமும் உள்ளதை உள்ளபடி உரைத்துவிடும்போது மனிதருடைய வாய்ச்சொல் எதற்கு என்பது இக்காலத்து நம்பிக்கை. இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைப் பாலியல் நோய்ப் பரிசோதனைகளின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும்.

சோதனைக்கு முன் உட்கொண்ட மருந்து சோதனையின் முடிவை மாற்றக்கூடும். அரைகுறையாக எடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நோயை அழிக்காமல் நோயின் அடையாளத்தை மாத்திரம் அழித்துவிடலாம். முறையாக எடுத்த மருந்தோ, நோய் தீர்ந்த பின்னரும் சில வாரங்களுக்கு நோய் இருப்பதாகச் சோதனை சொல்லும் நிலையை உண்டாக்கலாம். வைத்திய நூலின் ஓர் அடிக்குறிப்பாக இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. மனிதர் ஏன் மறைவில் மருந்து உண்கின்றனர், உண்டதை வைத்தியருக்கும் ஏன் மறைக்கின்றனர் என்று வினவத் தொடங்கினால், ஆய்வுகூடத்தின் கதவு சமுதாயத்தின் தெருவில் வந்து திறக்கிறது. அத்தெருக்களுள் நமது கிழக்குக் கரையின் தெருக்களும் அடங்கும்.

பெயரிலேயே பழி

தெற்கே திருக்கோவில், தம்பிலுவில் தொடங்கி, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எனக் கல்முனை வரை நீளும் கடலோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். வழிபாடு வேறாயினும் மொழி ஒன்று. வயலும் கடலும் பொது. தாய்வழிக் குடி மரபும் இரு சாராரிடத்தும் உண்டு. நோய்களுக்குத் தமிழ் வைத்திய மரபு வழங்கிய பெயர்களும் அவ்வாறே பொதுச் சொத்தானவை. மேகம், வெட்டை, கிரந்தி, பறங்கிப்புண் என்னும் அப்பெயர்களுள் கடைசிப் பெயர் ஊன்றி நோக்கத்தக்கது.

1495ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருட் புகுந்த காலத்தில் ஐரோப்பாவிற் சிபிலிஸ் நோய் பெருவாரியாகப் பரவியது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். பதினாறாம் நூற்றாண்டிற் பாவமிசிரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் வடமொழி வைத்திய நூல் அதற்குப் பிரங்க ரோகம் என்று பெயரிட்டது. பறங்கிப்புண் என்னும் நமது சொல்லும் அதே கொடியிற் காய்த்ததுதான். ஒவ்வோர் இனமும் நோயை அயலானின் தலையிற் கட்டிற்று. கிருமியைக் கண்டறிவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே குற்றவாளியைக் கண்டறிந்துவிட்டதாக மனிதர் நம்பினர்.

இலங்கையிற் பறங்கி என்னும் சொல் இன்னொரு திருப்பம் பெற்றது. இங்கே அப்பெயரால் அறியப்பட்டது ‘யோஸ்’ எனப்படும் வேறொரு நோய். சிறுவரின் தோலிலே தொடங்கி எலும்பையும் அரிக்கும் அந்நோய் தோலோடு தோல் படுவதனாற் பரவுவது. பாலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வறுமையும், நெருக்கமான குடிசை வாழ்வும், குளிக்கவும் தோய்க்கவும் நீர் இல்லாமையும் அதன் விளைநிலங்கள். குடியேற்ற அரசின் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி என்பவர் 1881இல் இப்பறங்கி நோயைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றே எழுதினார்.

பின்னர் 1905ஆம் ஆண்டு வந்தது. பேர்லினிலே ஷௌடின், ஹொஃப்மன் என்னும் இருவர் சிபிலிஸ் புண்ணின் நீரில் மெல்லிய சுருள்வடிவக் கிருமியைக் கண்டனர். அதே ஆண்டிலே, கொழும்பிற் பணிபுரிந்த இத்தாலிய வைத்தியர் அல்டோ காஸ்டெல்லானி பறங்கி நோயாளரின் புண்ணிலும் அதே வடிவினதான கிருமியைக் கண்டார். நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டையும் வேறுபிரித்தறிய இயலவில்லை. ஓரினத்தின் இரு உபவகைகள் என்றே இன்றைய விஞ்ஞானம் அவற்றைக் கொள்கிறது. ஏழைச் சிறுவனின் காலிலுள்ள புண்ணும், பாலுறவால் வந்த புண்ணும் ஆய்வுகூடத்துக்கு ஒரே முகத்தைக் காட்டின. இவற்றைப் பிரித்தறிய ஒரே வழிதான் இருந்தது: இது எப்போது வந்தது, எவ்வாறு வந்தது என்று நோயாளியைக் கேட்பது.

கண்ணாற் பார்த்த சோதனை

இரத்தப் பரிசோதனை தோன்றுவதற்கு முன் அரசாங்கங்கள் அறிந்த சோதனை ஒன்றே. பெண்ணைப் பிடித்துவந்து அவளுடலைப் பார்ப்பதே அது. பிரித்தானியா 1864இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. இலங்கைக்கு 1867இலும், இந்தியாவுக்கு 1868இலும் அவ்வகைச் சட்டம் வந்தது. படைவீரரின் உடல்நலங் காப்பதே அவற்றின் நோக்கமாகக் கூறப்பட்டது. விலைமாதர் என்று பொலிசார் கருதிய பெண்கள் பதிவு செய்யப்பட்டனர், கட்டாயமாகப் பரிசோதிக்கப்பட்டனர், நோய் உண்டென்று கண்டால் ‘லொக்’ ஆஸ்பத்திரி என்னும் அடைப்பு வைத்தியசாலையில் வைக்கப்பட்டனர். அவர்களை நாடிச் சென்ற ஆண்களுக்கு இச்சட்டத்தின்படி சோதனை இல்லை, அடைப்பும் இல்லை. ஜோசஃபின் பட்லர் என்னும் பெண்மணி முன்னின்று நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 1886இற் பிரித்தானியாவிலும், 1888இல் இந்தியாவிலும் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

நீதியின்மை ஒருபுறமிருக்க, விஞ்ஞான நோக்கிலும் அச்சோதனை பயனற்றது. 1879இல் ஆல்பர்ட் நைசர் கொனோரியாவின் கிருமியைக் கண்டுபிடித்த பின்னர், பெண்களிடத்து அந்நோய் வெளிக்குறி எதுவுமின்றியே நெடுநாள் தங்கக்கூடும் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. கண் பார்த்து ‘நோயில்லை’ என்ற சான்றிதழும், ‘நோயுண்டு’ என்ற தீர்ப்பும் பெரும்பாலும் ஊகங்களே. ஆயினும் அச்சட்டங்கள் விட்டுச் சென்ற வடு மறையவில்லை. பரிசோதனை என்றால் தண்டனை. வைத்தியசாலை என்றால் அவமானம். ஆகவே மறைத்துவிடுவதே மேல் என்னும் எண்ணம் வேரூன்றியது. மறைவு மருந்தின் சரித்திரம் இவ்வச்சத்திலிருந்தே வளர்கிறது.

இரத்தம் சாட்சிக்கு வந்தது

1906ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் ஆகஸ்ட் வாசர்மான், நைசர், புரூக் ஆகிய மூவரும் சிபிலிஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை ஒன்றை வெளியிட்டனர். வாசர்மான் சோதனை என்று உலகெங்கும் பெயர்பெற்ற அது கிருமியை நேரே காண்பதன்று. கிருமியால் உடலுக்கு நேர்ந்த ஊறுபாட்டின் விளைவாக இரத்தத்தில் எழும் பொருள்களையே அது அளந்தது. எனவே வேறு நோய்களும் அதே குரலில் மறுமொழி சொல்லக்கூடும். மலேரியாக் காய்ச்சலும் தொழுநோயும் அவ்வாறு பொய்ச்சாட்சி உரைப்பவை. 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த நாடு இலங்கை. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலே தொழுநோயாளரைத் தனியே ஒதுக்கி வைத்த நாடும் இதுவே. இத்தகைய மண்ணில் இரத்தம் தரும் சாட்சியத்தை எத்துணை எச்சரிக்கையுடன் கேட்கவேண்டியிருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

பறங்கி நோயோ இன்னும் கடினமான சிக்கல். சிறுவயதிற் பறங்கி கண்டவரின் இரத்தம் முதுமையிலும் சிபிலிஸ் சோதனைக்கு ‘ஆம்’ என்று மறுமொழி சொல்லலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குத் தொழில் தேடிச் சென்ற கறுப்பின மக்களிடம் இவ்வுண்மை வெளிப்பட்டது. இளமையில் யோஸ் கண்டவர்களின் இரத்தமும் சிபிலிஸ் உள்ளவரின் இரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே நின்றன. அவர்கள் வளர்ந்த நாட்டின் வறுமையைப் பற்றிக் கேட்டறியாத ஆய்வுகூடம் ஒழுக்கக்கேட்டின் முத்திரையை அவர்கள்மீது குத்திவிடும் ஆபத்து இருந்தது.

1910இல் பவுல் ஏர்லிக், சகாச்சிரோ ஹாட்டா ஆகியோரின் உழைப்பாற் கிடைத்த சல்வர்சான் என்னும் ஆசனிக்கு மருந்து விற்பனைக்கு வந்தது. நூற்றாண்டுக் கணக்காக இரசத்தைத் தின்று பல் உதிர்ந்த நோயாளருக்கு அது பெருவரமாயிற்று. ஆனால் அதனுடன் நமது பிரச்சினையும் முதன்முறையாக முழு உருவிற் புலப்பட்டது. சில ஊசிகள் போட்டதும் புண் ஆறியது. வாசர்மான் சோதனையும் ‘இல்லை’ என்றது. குணமாகிவிட்டதென்று நம்பி நோயாளி வேலைக்குத் திரும்பினார். செலவும் நேரமும் அவரைத் துரத்தின. மாதங்கள் கழிந்து சோதனை மீண்டும் ‘ஆம்’ என்றது; அல்லது ஆண்டுகள் கழிந்து இதயத்திலோ மூளையிலோ நோய் தலைதூக்கியது. இரத்தம் சொன்ன ‘இல்லை’ நோயின்மையைக் குறிக்கவில்லை. மருந்தின் அதட்டலுக்கு அஞ்சிய மௌனத்தையே குறித்தது. ஐயமுள்ளவர்களுக்குச் சிறிதளவு சல்வர்சான் ஏற்றி, உறங்கும் சாட்சியை எழுப்பிப் பேசவைக்க முயன்ற வைத்தியர்களும் அக்காலத்தில் இருந்தனர். மருந்து எப்போது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் சோதனைத்தாள் வெறுங் காகிதமே என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

பிரித்தானிய அரசு இதனை உணர்ந்து நடந்த விதமும் குறிப்பிடத்தக்கது. 1913இல் அமைந்த அரச ஆணைக்குழு 1916இல் அறிக்கை அளித்தது. அதன்படி இலவசமான, இரகசியம் காக்கும் சிகிச்சை நிலையங்கள் ஏற்பட்டன. தகுதியற்றோர் இந்நோய்களுக்கு மருந்து கொடுப்பதையும், அம்மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்க 1917இற் சட்டம் வந்தது. அடைப்பு வைத்தியசாலையால் ஆகாதது இலவச சிகிச்சையாலும் இரகசியத்தாலும் ஆகும் என்னும் அறிவு இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. படைவீரரின் நலன் நாடிய போர்க்காலம் அதற்கு ஒரு தூண்டுதலாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை.

பெனிசிலினின் வெற்றியும் அதன் நிழலும்

1937ஆம் ஆண்டளவிற் சல்ஃபா மருந்துகள் கொனோரியாவுக்கு வழங்கப்பட்டன. எரிவும் சீழும் விரைவில் நின்றன. ஆனால் அறிகுறி நீங்கியும் கிருமி நீங்காதவர்கள் பலர் இருந்தனர். தமக்கு நோயில்லை என்று நம்பி அவர்கள் அதனைப் பிறருக்குக் கொடுத்தனர். 1940களின் நடுப்பகுதிக்குள் கொனோரியாக் கிருமி சல்ஃபாவுக்கு அடங்காததாய் மாறிற்று.

1943இல் அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவிலே ஜோன் மஹோனியும் அவருடைய தோழர்களும் சிபிலிஸ் நோயாளர் நால்வருக்குப் பெனிசிலின் கொடுத்தனர். எட்டு நாட்களிற் கொடுத்த மொத்த அளவு 12 இலட்சம் அலகு. புண்ணிலிருந்த கிருமிகள் ஒரு நாளைக்குள் மறையத் தொடங்கின. மனித குலத்தின் மகத்தான வெற்றிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு நிழலும் இருந்தது. கொனோரியாவுக்கு அந்நாளில் ஒன்றிரண்டு இலட்சம் அலகுப் பெனிசிலின் போதியதாக இருந்தது. ஒரே வேளையில் இரு நோயும் தொற்றியவருக்கு அச்சிறிய அளவு கொனோரியாவைத் தீர்த்துவிடும். சிபிலிஸையோ தீர்க்காமல், புண் தோன்றுவதைத் தடுத்தோ தாமதித்தோ மறைத்துவைக்கும். ஆகவே கொனோரியாவுக்குப் பெனிசிலின் பெற்றவர்களைச் சில மாதங்கள் தொடர்ந்து இரத்தப் பரிசோதனைக்கு வரச்செய்ய வேண்டுமென்று அக்கால வைத்தியர்கள் வற்புறுத்தினர்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலே எதிர்காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தார். பெனிசிலின் கடைகளில் எவரும் வாங்கக்கூடிய காலம் வரலாம். தொண்டை நோவுள்ள ஒருவர் தாமாகவே வாங்கிப் போதாத அளவில் உட்கொள்ளலாம். கொல்லப்படாமல் மருந்துக்குப் பழகிப்போன கிருமி அவருடைய மனைவியைத் தொற்ற, அவளுக்குப் பெனிசிலின் பயன்படாமற் போகலாம் என்பது அவர் காட்டிய கற்பனை நிகழ்ச்சி. அந்தக் கற்பனையிலும் உயிரிழப்பவள் மனைவியே. 1947இற் பிரித்தானியா வைத்தியரின் துண்டு இன்றிப் பெனிசிலின் விற்பதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியது.

மருந்தைத் தாராளமாகக் கொட்டிய உலகத்திலேயே, மருந்தை வேண்டுமென்று மறுத்த கொடுமையும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் உள்ள 399 ஏழைக் கறுப்பின ஆண்களை, நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே அரசின் சுகாதாரத் துறை சிகிச்சையின்றி வைத்திருந்தது. உண்மையை அவர்களுக்குச் சொல்லவுமில்லை. பெனிசிலின் பரவிய பின் அவர்களுட் சிலர் வேறு வருத்தங்களுக்காக வேறு வைத்தியரிடம் அம்மருந்தைப் பெற்றனர். ‘சிகிச்சை பெறாதோர்’ என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களின் உடலில் இவ்வாறு மருந்து கலந்தது. அறம் இழந்த ஆராய்ச்சி விஞ்ஞான மதிப்பையும் இழந்தது. பொய்யின்மேல் எழுப்பிய சோதனை எதனையும் நிறுவ மாட்டாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அதே பெனிசிலின் மக்களின் பக்கம் நின்றபோது என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 46 நாடுகளில் யோஸ் நோய்க்கு எதிராக இயக்கம் நடத்தின. ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு ஊசி போடப்பட்டது. நோயின் அளவு 95 சதவீதம் குறைந்தது. இந்தியா 2016இல் யோஸ் அற்ற நாடென்று உறுதிசெய்யப்பட்டது. எனினும் அவ்வூசி பெற்ற தலைமுறையின் இரத்தத்தில் பழைய நோயின் தழும்பு எஞ்சியிருக்கலாம். எந்த வயதில், எதற்காக அந்த ஊசி போடப்பட்டது என்னும் செய்தி பெரும்பாலும் தாயின் நினைவில் மாத்திரமே எழுதப்பட்டிருந்தது.

மருந்துக்கடையும் மக்கள் மருந்தும்

இலங்கையின் மருந்து வரலாற்றிலே பேராசிரியர் சேனக பிபிலேயின் பெயர் நன்றியுடன் நினைக்கப்படுவது. இடதுசாரி இயக்கத்தில் நின்ற அவரும், கம்யூனிஸ்ட் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் நாட்டின் மருந்து நிர்வாகத்தைப் பற்றி அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிகளின் வியாபாரப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் உண்மைப் பெயர். ஆயிரக்கணக்கான சரக்குகளுக்குப் பதிலாக நாட்டுக்கு வேண்டியவை. கொள்ளை விலைக்குப் பதிலாக நியாய விலை என்பன அவருடைய கொள்கையின் சாரம். 1977இல் அவர் கயானாவிற் காலமானார். அவர் காட்டிய வழியிற் பல வளரும் நாடுகள் தம் மருந்துக் கொள்கைகளை வகுத்துக்கொண்டன.

பிபிலே தந்த பாடத்தின் ஒரு பாதியை நாம் எளிதில் நினைவிற் கொள்கிறோம்: மருந்து மலிவாகக் கிடைக்கவேண்டும். மறுபாதியை மறந்துவிடுகிறோம்: தேவையறிந்து, அளவறிந்து, சரியான நோய்க்கு மாத்திரம் மருந்து கொடுக்கப்படவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு வைத்தியரின் துண்டு வேண்டுமென்று இலங்கைச் சட்டம் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் ஏற்பட்டது. ஆயினும் துண்டின்றி விற்பனையாவது அற்றுப்போய்விடவில்லை. பாமசியில் இரண்டு நாளைக்கு நாலு குளிகை கேட்பவர் எல்லோரும் அறியாமையினாற் கேட்பதாக எண்ணவேண்டாம். கூலிவேலைக்காரனுக்கு வைத்தியசாலை வரிசை ஒரு நாட் சம்பளம். ஊரிலே எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் சிறு கிராமத்திற் கிளினிக் வாசல் ஒரு நீதிமன்ற வாசல். இவை இரண்டையும் கடந்து வரமுடியாதவனுக்குக் கடையின் மறைவே புகலிடமாகிறது.

இன்றைய சோதனைகள் எவ்வாறு ஏமாறுகின்றன

இன்று வழங்கும் சோதனைகள் பலவகையின. மருந்து அவற்றை ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. இவ்வேறுபாட்டைப் பொதுமக்கள் அறிந்திருப்பது அவசியம்.

புண்ணின் நீரை எடுத்து நுணுக்குக்காட்டியிற் கிருமியைத் தேடுவது ஒரு முறை. பெனிசிலின் உட்சென்றால் ஒரு நாளுக்குள் கிருமி கண்ணுக்கு அகப்படாது மறையலாம். புண்மேற் பூசிய மருந்துகூட அதனை மறைக்கலாம். சீழிலிருந்து கொனோரியாக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது இன்னொரு முறை. முன்னரே எடுத்த குளிகை கிருமியின் வளர்ச்சியை அடக்கிவிட்டால் ‘வளரவில்லை’ என்றே முடிவு வரும். வளர்ப்புச் சோதனை தவறினால் இன்னொரு நட்டமும் உண்டு. அக்கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என்று அறியும் வாய்ப்பும் இல்லாமற் போகும். பெனிசிலினையே சிதைக்கும் கொனோரியாக் கிருமிகள் 1976இல் வெளிப்பட்ட காலந்தொட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகள் அந்நோயிடம் தோற்றுவிட்டன. ஆகவே இவ்வறிவு இல்லாமல் இனிச் சிகிச்சை இல்லை.

1983இற் கெரி முல்லிஸ் வகுத்த பி.சி.ஆர். முறையின் வழிவந்த நியூக்கிளிக்கமிலச் சோதனைகள் கொனோரியாவையும் கிளமிடியாவையும் மிகச் சிறு தடயத்திலிருந்தே கண்டுபிடிப்பவை. ஆனால் உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமியின் எச்சத்துக்கும் அவை வேறுபாடு அறியா. சிகிச்சை முடிந்த மறுவாரமே சோதித்தால், தீர்ந்துவிட்ட நோயையும் ‘உண்டு’ எனலாம். கிளமிடியா தீர்ந்ததா என்று பார்க்க மூன்று, நான்கு வாரங்களேனும் பொறுத்திருக்கவேண்டும் என்பது இதனாலேயே. அந்நாளில் மருந்து உயிருள்ள கிருமியை வாய்மூட வைத்தது. இந்நாளில் செத்த கிருமியும் பேசுகிறது. இரண்டிலும் ஆய்வுகூடத்துக்கு வேண்டிய திறவுகோல் ஒன்றே: மருந்து எப்போது உட்கொள்ளப்பட்டது என்னும் செய்தி.

சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை இரு வகைப்பட்டது. 1946இல் வந்த வி.டி.ஆர்.எல். சோதனை நோயின் வேகத்தை அளவாற் காட்டும்; தக்க சிகிச்சைக்குப் பின் அந்த அளவு 1:32இலிருந்து 1:8 என்றவாறு நான்கிலொரு பங்காக இறங்குவதற்குப் பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். ரி.பி.எச்.ஏ. போன்ற சோதனைகளோ ஒருமுறை ‘ஆம்’ என்றால், நோய் தீர்ந்த பின்னரும் பெரும்பாலாரில் வாழ்நாள் முழுவதும் ‘ஆம்’ என்றே சொல்லும். தொற்றிய தொடக்க வாரங்களிற் போதாத மருந்து உட்சென்றால் பிறபொருளெதிரிகள் தோன்றுவது தாமதிக்கலாம். ஊன்றிவிட்ட நோயின் அடையாளத்தையோ நாலு நாட் குளிகை இரத்தத்திலிருந்து கழுவிவிடாது.

எச்.ஐ.வி. சோதனையைப் பற்றிய அச்சமொன்றையும் இங்கு நீக்கவேண்டும். அது வைரசினால் வருவது; அமொக்சிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் எச்.ஐ.வி. சோதனையின் முடிவை மாற்றுவதில்லை. எச்.ஐ.வி. வராமற் காப்பதற்கென்றே எடுக்கும் மருந்துகள் வேறு. அவற்றை எடுப்போர் அதனைச் சொல்லியாகவேண்டும்.

இவ்விவரங்கள் யாருடைய வாழ்வைத் தொடுகின்றன? வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் நம் கரையூர்களிற் பலர். அவர்கள் பயணத்துக்கு முன் உட்படும் வைத்தியப் பரிசோதனையிற் சிபிலிசும், எச்.ஐ.வி.யும், ஈரலழற்சி நோய்களும் அடங்கும். கடன்பட்டு முகவருக்குப் பணங்கட்டிய ஒருவர், சோதனையில் ஏதும் தெரிந்துவிடக்கூடாதே என்று அஞ்சிக் கடையிற் குளிகை வாங்கி விழுங்க எண்ணக்கூடும். அதனால் அவருக்கு இரட்டை நட்டம்: இரத்தத்திலுள்ள சிபிலிஸ் அடையாளம் போகாது; அவருக்கு உண்மையில் வேண்டிய பெனிசிலின் ஊசியும் கிடைக்காது. முன்பே முறையாகக் குணமான ஒருவரையும் பழைய ‘ஆம்’ துரத்தக்கூடும். அத்தகையவருக்குத் துணை, எப்போது என்ன சிகிச்சை பெற்றார் என்று காட்டும் கிளினிக் ஏடு மாத்திரமே. மறைவில் உண்ட மருந்துக்கு ஏடு இல்லை.

கருவுற்ற தாய்மாரின் நிலை இதனினும் முக்கியமானது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. கிராமந்தோறும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதர்களும், கிளினிக்கில் ஒவ்வொரு தாயின் இரத்தத்தையும் சோதிக்கும் இலவச சுகாதார முறையுமே இச்சாதனைக்கு அடித்தளம். இதனைக் கட்டிக்காப்பதற்கு ஓர் உண்மை மனத்திற் பதியவேண்டும். வயிற்றிலுள்ள பிள்ளையைச் சிபிலிஸிலிருந்து காப்பதற்கு நம்பத்தக்க மருந்து பெனிசிலின் ஒன்றே. கணவன் வாங்கி வந்த வேறு குளிகை தாயின் புண்ணை ஆற்றலாம். பிள்ளையைக் காக்கும் என்று நம்புவதற்கில்லை.

பழியை நீக்காமல் உண்மை வராது

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். வாசர்மான் காலத்துச் சோதனைக் குழாய் முதல் இன்றைய இயந்திரம் வரை கருவிகள் நூறு மடங்கு கூர்மை பெற்றுள்ளன. ஆனால் நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு ஈடான கருவி இதுவரை செய்யப்படவில்லை. ‘போன கிழமை தொண்டை நோவுக்கு அமொக்சிசிலின் எடுத்தேன்’ என்னும் ஒரு வாக்கியம், விலையுயர்ந்த சோதனையைப் பொருளுள்ளதாக்கும்; அது சொல்லப்படாவிட்டால் அச்சோதனை வழிதவறும். அந்த வாக்கியம் வெளிவருவதற்கு வேண்டியது பயமின்மை.

பயத்தை உண்டாக்கியது யார்? பெண்ணை அடைத்து ஆணை விட்ட சட்டம் ஒரு காரணம். நோய்க்கு அயலானின் பெயரைச் சூட்டிய மனப்பான்மை இன்னொரு காரணம். நம் கரையோரக் குடிமரபில் வீடு பெண்ணின் சீதனமாக அவள் பெயரில் நிற்கிறது. நோய் என்று வந்தாலோ பழியும் அவள் பெயரிலேயே நிற்கிறது. கணவனுக்கு மருந்துக்கடையின் மறைவு உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. தமக்கு வந்த நோயைத் தாமே மறைவிற் பாதி தீர்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஆண், சிகிச்சை பெறாத மனைவியிடமிருந்தே அதனை மீண்டும் பெறுகிறார், குற்றவாளியோ அவளாகிறாள். இருவரும் ஒருங்கே சோதிக்கப்பட்டு ஒருங்கே சிகிச்சை பெறவேண்டும் என்று வைத்தியம் வற்புறுத்துவது இதனாலேயே.

செய்யத்தக்கவை அரியனவுமல்ல. குறியிருப்பவர் கடைக் குளிகையை நாடுமுன் சோதனைக்குச் செல்லவேண்டும். ஏற்கெனவே மருந்து எடுத்துவிட்டவரும் அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை. மருந்துச் சரையையோ மட்டையையோ கையில் எடுத்துச் சென்று காட்டினால், இன்று எதைச் சோதிக்கலாம், எத்தனை வாரம் கழித்து எதைத் திரும்பச் சோதிக்கவேண்டும் என்று வைத்தியர் தீர்மானிப்பார். வேறு நோய்க்காக வைத்தியர் கொடுத்த மருந்தைச் சோதனைக்காக நிறுத்திவிடவும் கூடாது, சொல்லிவிட்டாற் போதும். தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குகள் கல்முனை உட்பட நாடெங்கும் இலவசமாகவும் இரகசியம் காத்தும் நடைபெறுகின்றன. அவற்றின் வாசலை நீதிமன்ற வாசலாகக் காணாமல் வைத்தியசாலை வாசலாகக் காணும் மனநிலையை உண்டாக்குவது வைத்தியர்களால் மட்டும் ஆகிற காரியமன்று. ஆசிரியர்களும், பள்ளிவாசல், கோயில் பரிபாலகர்களும், மாதர் சங்கங்களும், எழுத்தாளர்களும் அதிற் பங்குகொள்ளவேண்டும்.

தம்பிலுவிலின் தாயும் சாய்ந்தமருதின் தாயும் ஒரே மொழியில் ஒரே வருத்தத்தைச் சொல்பவர்கள். அவர்கள் தலைகுனியாமற் சொல்லும் நாள் வரும்போதுதான் ஆய்வுகூடத்தின் சாட்சியமும் முழு உண்மையாகும்.